கேம்பர்வேனில் மூன்று வாரத்தில் பால்கன் நாடுகளைச் சுற்ற முடியுமா? எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

கேள்வியில் உள்ள விவரம் இது: ஜெர்மனியில் வாடகைக்கு எடுக்கும், உள்ளேயே படுத்துச் சமைத்துக்கொள்ளும் வசதியுள்ள 6 மீட்டர் வேன், இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை, ஜூன் மாதம், ஸ்லோவேனியா தொடங்கி கிரீஸ் வரை எட்டு நாடுகள்.

எட்டு வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஸ்லோவேனியா, போஸ்னியா, மொண்டெனெக்ரோ, அல்பேனியா போதும். குரோஷியாவைக் குறுக்கே கடந்துவிடுங்கள். கிரீஸில் கப்பல் ஏறுவதற்கு மட்டும் கால் வையுங்கள். உள்நாட்டு மலைச்சாலைகளில் இந்த அளவு வண்டி மணிக்கு 40–50 கிலோமீட்டருக்கு மேல் சராசரி காட்டாது. வரைபடத்தில் 200 கிலோமீட்டர் என்றால் அது ஒரு முழு நாள். எட்டு நாடுகளையும் தொட நினைத்தால் எல்லைச் சாவடிகளையும் டீசல் பங்குகளையும்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

முதலில் காகிதம், ஏனென்றால் பயணம் பாதியில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். வாடகை ஒப்பந்தத்தில் எந்தெந்த நாட்டுக்கு வண்டி போகலாம் என்ற பட்டியல் இருக்கும். அல்பேனியாவையும் கொசோவோவையும் விலக்கி வைக்கும் நிறுவனங்கள் நிறைய. முன்பணம் கட்டும் முன்பே நாடுகளின் பெயரைக் குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வண்டி உங்கள் பெயரில் இல்லாததால் எல்லையில் பதிவுச் சான்றும் அதிகாரக் கடிதமும் கேட்பார்கள். கிரீன் கார்டு எனப்படும் காப்பீட்டுத் தாளில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கட்டம் உண்டு. குறுக்குக் கோடு போட்ட கட்டம் என்றால் அந்த நாட்டில் காப்பீடு செல்லாது. அல்பேனியாவுக்கும் வடக்கு மாசிடோனியாவுக்கும் இந்தத் தாள் கட்டாயம். கொசோவோ இந்த அமைப்பிலேயே இல்லை, எல்லையில் தனியாகக் காப்பீடு வாங்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. செர்பியா வழியாக நுழையாமல் கொசோவோவுக்குள் போய், அங்கிருந்து செர்பியாவுக்குள் நுழைய முயன்றால், முறையாக நாட்டுக்குள் வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஷெங்கன் விசாவில் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வருபவர்களுக்குப் பலமுறை நுழையும் விசா தேவை. போஸ்னிய எல்லையில் ஷெங்கனைவிட்டு வெளியேறி, கிரீஸில் மறுபடி நுழைகிறீர்கள் அல்லவா?

ஸ்லோவேனியாவில் 3.5 டன் வரையுள்ள வண்டிக்கு மின்னணு விக்னெட் (நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டு) வாங்க வேண்டும். கேம்பர்வேன் எவ்வளவு உயரமானாலும் 2ஏ வகுப்புதான். தவறுதலாக 2பி வாங்கினால் இரண்டு மடங்கு போகும். வாங்காமல் நெடுஞ்சாலையில் ஏறினால் அபராதம் 300 யூரோவில் தொடங்குகிறது.

அந்த 3.5 டன் என்பது சுமையோடு சேர்ந்த மொத்த எடை வரம்பு, அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் பொருத்திய 6 மீட்டர் வேன் ஏறக்குறைய 3 டன்னைத் தொட்டுவிடும். மீதி 500 கிலோவில் ஆட்கள், துணிமணி, சைக்கிள், அரிசி பருப்பு, எல்லாம் அடங்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் அதில் 100 கிலோ காலி. நெடுந்தூரம் ஓட்டும் நாளில் தொட்டியில் 20–30 லிட்டர் போதும், இரவு தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

எடை கூடினால் பாதிக்கப்படுவது பிரேக். இந்தப் பயணத்தில் நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது இதைத்தான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் தட்டு சூடேறி, அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்குப் போகிறது. டாட் 4 எனப்படும் வகை பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்கும். ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய பழைய எண்ணெய் 155 டிகிரியை ஒட்டியே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகி, மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. வண்டியை எடுக்கும்போதே எண்ணெய் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். இறக்கத்தில் எந்த கியரில் ஏறியிருப்பீர்களோ அதே கியரில் இறங்குங்கள். தானியங்கி கியர் என்றால் கைமுறைக்கு மாற்றி இரண்டில் வையுங்கள். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இருக்காமல், கொஞ்ச நேரம் அழுத்தி, வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, விடுங்கள். கருகிய வாடை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான தட்டில் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கியரில் வைத்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள்.

வழியையும் இதை மனத்தில் வைத்துத்தான் அமைக்க வேண்டும். போஸ்னியாவில் யாய்ட்சே, சராயேவோ பார்த்துவிட்டு ஃபோச்சா வழியாக மொண்டெனெக்ரோவுக்குப் போகலாம். ஃபோச்சாவிலிருந்து எல்லை வரை இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் குறுகலும் பள்ளமுமாக ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். அகலமான வண்டி எதிரே வந்தால் யாராவது பின்னால் போக வேண்டும். பின்னோக்கி ஓட்டத் தயக்கம் இருந்தால் மோஸ்டார், ட்ரெபின்யே வழியாக நிக்ஷிச் போங்கள், அது நல்ல சாலை.

ஃபோச்சா வழியில் வருபவர்கள் பிவா பள்ளத்தாக்கில் ப்ளுஜினேவை அடைவார்கள். அங்கிருந்து ஜாப்ல்யாக் போகும் துர்மிட்டோர் மலைச்சாலை இந்தப் பயணத்தின் சிகரம். செட்லோ கணவாய் 1,907 மீட்டர். தொடக்கத்திலேயே பாறையைக் குடைந்த, விளக்கில்லாத, வளைந்த சுரங்கங்கள் வரும். முகப்பு விளக்கைப் போட்டு, ஒவ்வொரு வாயிலிலும் ஹாரன் அடித்து நுழையுங்கள். செங்குத்தான பகுதி ப்ளுஜினே பக்கம் இருப்பதால் அங்கிருந்து ஏறுவதே நல்லது. எதிர்த்திசையில் வந்தால் அது முழுக்க இறக்கம். கோட்டோரிலிருந்து லோவ்சென் மலைக்கு ஏறும் 25 கொண்டை ஊசி வளைவுச் சாலையை 6 மீட்டர் வண்டியில் தொடவே வேண்டாம். வளைவின் நடுவில் சுற்றுலாப் பேருந்து எதிரே வந்தால் இருவருக்கும் இடமிருக்காது. செட்டின்யே பார்க்க வேண்டுமென்றால் புட்வா பக்கத்திலிருந்து அகலமான சாலை உண்டு.

அல்பேனியாவில் ஷ்கோடர், பெரட், பிறகு தெற்குக் கடற்கரை. வ்லோராவிலிருந்து வரும்போது லோகரா கணவாய் ஆயிரம் மீட்டருக்கு மேலிருந்து நேரே கடலுக்கு இறங்கும். 2024இல் திறந்த ஏறக்குறைய 6 கிலோமீட்டர் சுரங்கம் இந்த இறக்கத்தைத் தவிர்க்கிறது. காட்சிக்காகக் கணவாயில் போகலாம், வண்டி கனமாக இருந்தால் சுரங்கமே சரி. இருட்டிய பிறகு அல்பேனியாவில் ஓட்டாதீர்கள். மாடு, விளக்கில்லாத சைக்கிள், எச்சரிக்கையே இல்லாமல் முடியும் தார் எல்லாம் உண்டு.

டயர் விஷயம். இப்போதைய வேன்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது, நுரை அடைக்கும் டப்பா மட்டும்தான். ஆணி குத்தினால் அது உதவும். பள்ளத்தின் விளிம்பில் டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. ஸ்டெப்னி கேட்டு வாங்குங்கள். பஞ்சர் கடைக்கு அல்பேனியாவில் ‘கோமிஸ்டெரி’, போஸ்னியா, மொண்டெனெக்ரோவில் ‘வுல்கனிசர்’ என்று பலகை இருக்கும், சிற்றூர்களிலும் உண்டு. யூரோ 6 (ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் வண்டிக்கு, புகையைச் சுத்தமாக்கும் ஆட்புளூ திரவம் 10 லிட்டர் கேன் ஒன்று கையில் இருக்கட்டும். அது முற்றிலும் தீர்ந்து வண்டியை அணைத்தால், மறுபடி கிளம்பாது.

எரிவாயு பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஜெர்மனியின் 11 கிலோ சாம்பல்நிறச் சிலிண்டரை பால்கன் நாடுகளில் மாற்றித் தரமாட்டார்கள். ஆனால் கோடையில் சமையலுக்கு மட்டும் ஒரு சிலிண்டரே மூன்று வாரம் தாண்டும். வாயுவில் ஓடும் குளிர்பெட்டி இருந்தாலும் இரண்டு முழுச் சிலிண்டர் தாராளம். காலிச் சிலிண்டரை எல்பிஜி பங்கில் நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் 80 சதவீதத்தில் நிறுத்தும் அடைப்பான் கிடையாது. முழுதாக நிரம்பிய திரவம் வெயிலில் விரிந்தால் போக இடமில்லை.

தண்ணீருக்கு அல்பேனியாவில் ‘லவாஜ்’ என்ற பலகையைத் தேடுங்கள். அது வண்டி கழுவும் இடம், சாலை நெடுக உண்டு. சிறு தொகை கொடுத்தால் தொட்டியை நிரப்பித் தருவார்கள். குடிக்கப் புட்டித் தண்ணீர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சாலையோர ஊற்றுக் குழாயில் மரை இருக்காது, ஹோஸ் மாட்ட முடியாது. 10 லிட்டர் பூவாளியும் புனலும் தேவை. கழிப்பறைப் பெட்டி 17–20 லிட்டர், மூன்று பேருக்கு இரண்டு நாளில் நிரம்பும். அதை லவாஜ் வடிகாலிலோ ஓடையிலோ கொட்டவே கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை முகாம் மைதானத்தில் தங்கினால் இந்தப் பிரச்சினை தீரும். சிறிய மைதானங்களில் செப்டிக் டேங்க்தான் இருக்கும். கழிப்பறைப் பெட்டியில் ஊற்றும், ஃபார்மால்டிஹைடு கலந்த நீலத் திரவம் அதிலுள்ள நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும் என்பதால் மட்கும் வகைத் திரவம் வாங்குங்கள்.

இரவு தங்கல்: ஸ்லோவேனியா, குரோஷியா, கிரீஸ் மூன்றிலும் முகாம் மைதானத்துக்கு வெளியே தங்கத் தடை, அபராதமும் போடுகிறார்கள். அல்பேனியாவில் நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டு நிறுத்தலாம். போஸ்னியாவில் இது உயிர் சம்பந்தப்பட்டது. 1992–95 போரில் புதைத்த கண்ணிவெடிகள் இன்னும் எல்லாம் எடுக்கப்படவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்ப முடியாது. தார்ச்சாலையைவிட்டு இறங்கிப் புல்வெளியில் நிறுத்துவது, பாழடைந்த வீட்டுக்குள் குழந்தையை விளையாட விடுவது இரண்டும் கூடாது. அங்கே மைதானத்திலேயே தங்குங்கள்.

ஜெர்மன் சிம்மின் ஐரோப்பிய ரோமிங் போஸ்னியா, மொண்டெனெக்ரோ, அல்பேனியாவில் பொதுவாகச் செல்லாது. எல்லைக்கு முன்பே டேட்டாவை அணைத்துவிட்டு, உள்ளே போய் உள்ளூர் சிம் வாங்குங்கள்.

திரும்பும் வழி சரண்டாவிலிருந்து இகுமெனிட்சா. புட்ரின்டில் கால்வாயைக் கடக்கும் கயிற்று மிதவையில் கேம்பர்வேனையும் ஏற்றுவார்கள். பின்பக்கம் நீண்ட வண்டி என்றால் ஏறும்போது அடிப்பாகம் உரசும், சுற்றுச் சாலையில் போங்கள். இகுமெனிட்சாவிலிருந்து அன்கோனாவுக்கோ வெனிஸுக்கோ கப்பல். கோடையில் சில கப்பல்களில் வண்டிக்குள்ளேயே தூங்க அனுமதி உண்டு, மின் இணைப்பும் தருவார்கள், ஆனால் சிலிண்டரை மூடிவிட வேண்டும். இடம் குறைவு என்பதால் வசந்தத்திலேயே பதிவு செய்யுங்கள். பதிவில் கேட்கும் நீளத்திலும் உயரத்திலும் சைக்கிள் தாங்கி, கூரைப் பெட்டி எல்லாம் சேரும். டேப் வைத்து அளந்து எழுதுங்கள், துறைமுகத்தில் அளப்பார்கள்.