வெப்பம் தாக்கிய செல்லில் புரத உற்பத்தி: கேள்வி பதில்

கேள்வி: பாலூட்டிச் செல்களை 43 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் மொத்தப் புரத உற்பத்தி சரிகிறது. புரதத்தைச் செய்யும் ரைபோசோம் கெட்டுவிடுகிறதா?

பதில்: இல்லை, செல்லே பிரேக் போடுகிறது. இன்னும் மடிந்து முடியாத புதுப் புரதம்தான் சூட்டில் எளிதில் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் செல் புதுப் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது. முக்கியமான பிரேக் இஐஎஃப்2 ஆல்ஃபா, அதாவது புரத உற்பத்தியைத் தொடக்கிவைக்கும் இஐஎஃப்2 காரணியின் ஒரு பகுதி. அதன் 51ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறினால், இஐஎஃப்2-ஐ அடுத்த சுற்றுக்குத் தயார்செய்யும் இஐஎஃப்2பி-யை இறுகப் பிடித்துக்கொண்டு விடாது. இஐஎஃப்2-இலிருந்து பழைய ஜிடிபி (GDP) கழன்று, ஆற்றல் மூலக்கூறான புது ஜிடிபி (GTP) ஏற வழியில்லாமல் அடுத்த சுற்று நின்றுபோகும். செல்லில் இஐஎஃப்2பி அளவில் குறைவு. எனவே இஐஎஃப்2-இல் ஒரு பங்கில் பாஸ்பேட் ஏறினாலே போதும். வெப்பம் கடுமையானால், பாதி வழியில் இருக்கும் ரைபோசோம்களும் ஏறத்தாழ 65ஆவது கோடான் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து) அருகே தேங்குகின்றன.

கேள்வி: அப்படியானால் வெப்பத்தில் செல்லைக் காக்கும் எச்எஸ்பி70 புரதம் மட்டும் எப்படி உருவாகிறது?

பதில்: ஒவ்வொரு படியிலும் அதற்குத் தனி வழி உண்டு. உருக்குலைந்த புரதங்கள் சேப்பரோன்களை (மற்ற புரதங்கள் மடிய உதவும் புரதங்கள்) இழுத்துக்கொள்ள, அந்தச் சேப்பரோன்கள் அடக்கி வைத்திருந்த எச்எஸ்எஃப்1 என்ற ஜீன் இயக்கிப் புரதம் விடுபட்டு மூன்று மூன்றாகச் சேர்ந்து டிஎன்ஏ-வில் அமரும். எச்எஸ்பி70 ஜீனின் தொடக்கத்தில் ஆர்என்ஏ-வை உருவாக்கும் பாலிமரேஸ் ஏற்கெனவே நின்று காத்திருப்பதால் சில நிமிடங்களிலேயே ஆர்என்ஏ வரத் தொடங்கும். எச்எஸ்பி70-ஐத் தரும் எச்எஸ்பிஏ1ஏ ஜீனில் இன்ட்ரான் (ஆர்என்ஏ-விலிருந்து வெட்டி நீக்கவேண்டிய பகுதி) கிடையாது. சூட்டில் அந்த வெட்டி ஒட்டும் வேலையான ஸ்ப்ளைசிங் தடைபட்டாலும் அதற்குப் பாதிப்பில்லை. ரைபோசோமை அடைந்தபின், அந்த ஆர்என்ஏ-வின் முன்பகுதி, வழக்கமாக ரைபோசோம் பிடித்துக்கொள்ள உதவும் முனைத் தொப்பியை (cap) அவ்வளவாக நம்பாமல் வேலையைத் தொடங்க உதவுகிறது. அங்குள்ள அடினின் என்ற ஆர்என்ஏ எழுத்தில் ஏறிய மெத்தில் குறியும் துணை என்று 2015இல் காட்டினார்கள். அது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: 43 டிகிரி இன்குபேட்டரில் வைத்தும் எச்எஸ்பி70 ஏறவில்லை.

பதில்: காற்று தட்டை மெதுவாகத்தான் சூடாக்கும். அரை மணி நேரம் என்று நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி 43-ஐத் தொடாமலே போயிருக்கும். தட்டைப் பாராஃபில்மால் சுற்றி வாட்டர் பாத்தில் மிதக்கவிடுங்கள். அதே அளவு மீடியம் ஊற்றிய வெற்றுத் தட்டில் தெர்மாமீட்டர் முனையை வைத்து, 43 தொட்ட நொடியிலிருந்து நேரத்தை எண்ணுங்கள். வெளியே கார்பன் டை ஆக்சைடு இல்லாததால் பிஎச் ஏறும். பிஎச்-ஐ நிலைநிறுத்த 20 மில்லிமோலார் ஹெப்பெஸ் பஃபர் சேருங்கள். இன்னொன்று, அப்போதே செல்லை உடைத்துப் பார்த்தால் எச்எஸ்பி70 புரதம் தெரியாது. 37-க்குத் திருப்பி 4 முதல் 8 மணி நேரம் விட்டுப் பாருங்கள். எச்எஸ்பி70-இன் உறவான எச்எஸ்பிஏ8 புரதம் சூடு இல்லாமலும் எப்போதும் இருப்பது, அதையும் பிடிக்கும் ஆன்டிபாடி உங்களை ஏமாற்றும்.

கேள்வி: ஆர்என்ஏ-வை அளக்கும் ஆர்டி-பிசிஆரில் சூடு படாத செல்லிலும் எச்எஸ்பிஏ1ஏ ஏராளமாக வருகிறது.

பதில்: பெரும்பாலும் டிஎன்ஏ கலப்படம். இன்ட்ரான் இல்லாத ஜீன், பிரைமரை எங்கே வைத்தாலும் ஜீனோமும் பெருகும். டிஎன்ஏ-வைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் போட்டு, ஆர்என்ஏ-வை டிஎன்ஏ-வாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இல்லாத கண்ட்ரோலையும் ஓட்டுங்கள்.

கேள்வி: உற்பத்தி வேகத்தை அளக்க எளிய வழி?

பதில்: பியூரோமைசின். உருவாகிக்கொண்டிருக்கும் புரதச் சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும் மருந்து; ஒட்டிய அளவை ஆன்டிபாடியால் பார்க்கலாம். கடைசி 10 நிமிடம், மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதே வெப்பநிலையில். குளிர்ந்த மருந்தை ஊற்றினால் அளவீடே கெடும், முன்பே சூடாக்குங்கள். பியூரோமைசின் இல்லாத தட்டு ஒன்று, புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு முன்னரே கொடுத்த தட்டு ஒன்று கட்டாயம். செல்லை மென்மையான டிடர்ஜென்ட்டில் உடைக்காதீர்கள். சூட்டில் திரண்ட புரதம் வண்டலோடு போய், உற்பத்தி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். எஸ்டிஎஸ் பஃபரில் நேரடியாக உடைத்துக் கொதிக்க வையுங்கள்.

கேள்வி: அதே சைக்ளோஹெக்சிமைடு கொடுத்ததும் ஸ்ட்ரெஸ் கிரானியூல் (நெருக்கடியில் ஆர்என்ஏ-வும் புரதமும் திரளும் துகள்) காணாமல் போகிறதே?

பதில்: அப்படித்தான் ஆகவேண்டும். அந்த மருந்து ரைபோசோமை ஆர்என்ஏ-விலேயே உறைய வைக்கிறது. கிரானியூலுக்கோ ரைபோசோம் கழன்ற ஆர்என்ஏ வேண்டும். பியூரோமைசின் ரைபோசோமைக் கழற்றிவிடுவதால் எதிர்மாறாக நடக்கும். நீங்கள் பார்ப்பது உண்மையான கிரானியூலா, வெறும் புரதத் திரளா என்று பிரித்தறிய இந்தச் சோதனையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.