டிலே பெடல்: முதலில் எத்தனை மில்லி செகண்ட் என்று சொல்லுங்கள்

கேள்வி: கிட்டார் வாசிக்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் ஒன்று இருக்கிறது. அடுத்து, வாசித்ததை எதிரொலியாகத் திருப்பித் தரும் டிலே பெடல் வாங்க ஆசை. அனலாக் வாங்குவதா, டிஜிட்டலா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாசிப்புக்கு எத்தனை மில்லி செகண்ட் தாமதம் தேவை என்பதுதான் முதல் கேள்வி. பழைய ராக் அண்ட் ரோல் வகையான ராக்கபில்லி பாணியில், அடித்ததும் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பியது போல ஒரே ஒரு எதிரொலி போதுமென்றால் 80 முதல் 130 போதும். ஸ்லாப்பேக் என்பது இதைத்தான். லீட் (முன்னால் தனித்து ஒலிக்கும் மெட்டு) வாசிக்கும்போது பின்னால் மெத்தை விரித்தாற்போல் இருக்க 300 முதல் 500 வேண்டும். மிதக்கும் ஆம்பியன்ட் வாசிப்பு 600-க்கு மேல் போகும், ஒரு செகண்டையும் தாண்டும்.

இது தெளிவானால் பாதிப் பெடல்கள் தாமாகவே கழிந்துவிடும். பாஸ் நிறுவனத்தின் 1981-ஆம் ஆண்டு அனலாக் பெடலான டிஎம்-2 சுமார் 300 மில்லி செகண்டோடு நின்றுவிடும். எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் கார்பன் காப்பி என்ற அனலாக் பெடல் 600 வரை போகும். 1983-இல் பாஸ் கொண்டுவந்த டிடி-2, சிறிய பெடல் வடிவில் வந்த முதல் டிஜிட்டல் டிலே. அது அப்போதே 800-ஐத் தொட்டது.

அனலாக் ஏன் இப்படித் தயங்குகிறது? அதன் உள்ளே இருப்பது 'பக்கெட் பிரிகேட்' வகை சிப். தீயை அணைக்க ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்களே, அதுபோல இந்த சிப் ஒலியின் மின்னழுத்தத்தைக் கட்டம் கட்டமாகக் கடத்துகிறது. எம்என்3005 என்ற புகழ்பெற்ற சிப்பில் 4096 கட்டங்கள். தாமதம் நீள வேண்டுமென்றால் கைமாற்றும் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகம் குறைந்தால் மேல் ஸ்தாயி ஒலிகளைப் பிடிக்க முடியாது, இரைச்சலும் நுழையும். அதை அடக்க ஃபில்டர் போடுகிறார்கள். அனலாக் எதிரொலி மங்கலாக, கம்பளிக்குள்ளிருந்து வருவது போல ஒலிப்பது இதனால்தான். எனக்கு அந்த மங்கல் மிகவும் பிடிக்கும். வாசிக்கும் நோட் முன்னால் தெளிவாக நிற்கும், எதிரொலி ஓரடி பின்னால் நிற்கும்.

டிஜிட்டலில் எதிரொலி அப்படியே அச்சாகத் திரும்பி வரும். தாளத்தோடு பின்னி வாசிக்க அது தேவை. ஆனால் அதே தெளிவு, லீட் வாசிக்கும்போது உங்கள் நோட்டோடு போட்டிக்கு வரும்.

உங்களுக்கு என் பரிந்துரை: ஒரு செகண்ட் வரை போகிற, காலால் தட்டி வேகம் கொடுக்கும் டாப் டெம்போ வசதியுள்ள, எதிரொலியின் கூர்மையைக் குறைக்க டோன் நாப் அல்லது அனலாக் மோடு இருக்கிற டிஜிட்டல் பெடல். ஒரு வருடம் அதில் வாசித்தால் உங்கள் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் தனி அனலாக் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்று. மலிவு விலையில் 'அனலாக்' என்று எழுதி விற்கும் பெடல்கள் பலவற்றின் உள்ளே இருப்பது பிடி2399. அது டிஜிட்டல் சிப். அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். 300 மில்லி செகண்டைச் சுற்றி இனிமையாகவே ஒலிக்கும், அதைத் தாண்டி இழுத்தால்தான் கரகரக்கும்.

கேள்வி: யூ2 ராக் குழுவின் கிட்டார் கலைஞர் தி எட்ஜ் வாசிப்பதைப் போல எதிரொலியே தாளம் போடும் 'டாட்டட் எய்த்' எனக்கு அமையவே மாட்டேன் என்கிறது. என் பெடலில் டாப் டெம்போவும் இல்லை, திரையும் இல்லை. வேறு பெடல் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் இருந்தால் போதும். 60,000-ஐப் பாட்டின் பிபிஎம்-ஆல் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்) வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் கிடைக்கும். 120 பிபிஎம் என்றால் 500 மில்லி செகண்ட். அதில் முக்கால் பங்குதான் டாட்டட் எய்த், அதாவது 375.

திரை இல்லாமல் 375-ஐப் பிடிக்க ஒரு வழி. பாட்டின் வேகத்தை மூன்றால் வகுத்து நான்கால் பெருக்குங்கள். 120 என்றால் 160 வரும். மெட்ரோனோமை 160-இல் ஓடவிட்டு, கம்பியை உள்ளங்கையால் அமுக்கி 'டக்' என்று ஒரு அடி அடியுங்கள். எதிரொலிகள் மெட்ரோனோம் அடியின் மேலேயே விழுந்து, அந்தச் சத்தத்தை மறைக்கும்வரை டைம் நாபை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பிறகு மெட்ரோனோமை 120-க்குக் கொண்டுவந்து, ஒரு பீட்டுக்கு இரண்டு நோட்டாகச் சீராக வாசியுங்கள். எதிரொலிகள் இடைவெளிகளில் போய் உட்காரும். நீங்கள் இரண்டு வாசிக்க, காதில் நான்கு கேட்கும்.

எதிரொலி இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், ஆனால் அதன் சத்தம் உங்கள் நோட்டுக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்கட்டும். பெரும்பாலானவர்கள் எதிரொலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ் நாபை மிகவும் குறைத்து வைத்துவிட்டு, தாளம் வரவில்லையே என்று தவிக்கிறார்கள்.

கேள்வி: சுத்தமான ஒலியில் டிலே அழகாக இருக்கிறது. டிஸ்டார்ஷன் போட்டதும் எல்லாம் குழம்பிக் கூழாகிறது. பெடல் சரியில்லையா?

பதில்: பெடல் நன்றாகத்தான் இருக்கிறது, வரிசைதான் மாறியிருக்கிறது. டிஸ்டார்ஷன் என்பது பெரிய ஒலியை நசுக்கி, சிறிய ஒலியைத் தூக்கும் வேலை. டிலே அதற்கு முன்னால் இருந்தால், அடங்கிப் போக வேண்டிய எதிரொலிகளும் தூக்கப்பட்டு முதல் நோட்டோடு மோதும். டிஸ்டார்ஷன் பெடலுக்கு அப்புறம் டிலேயை வையுங்கள்.

டிஸ்டார்ஷன் ஆம்பிலிருந்தே (ஆம்ப்ளிஃபையர்) வருகிறது என்றால் ஆம்பின் பின்பக்கம் பாருங்கள். சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருந்தால் அதுதான் எஃபெக்ட்ஸ் லூப். சென்டிலிருந்து பெடலின் இன்புட்டுக்கு, பெடலின் அவுட்புட்டிலிருந்து ரிட்டர்னுக்கு. சில ஆம்ப்களின் லூப் பெடல் தாங்காத அளவு வலுவான சிக்னல் அனுப்பும். எதிரொலி உடைந்து கேட்டால், ஆம்பில் லெவல் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்துக் குறையுங்கள். லூப்பே இல்லாத ஆம்ப் என்றால் ஆம்பில் கரகரப்பைக் கூட்டும் கெயினைக் கொஞ்சம் இறக்கி, உங்கள் டிஸ்டார்ஷன் பெடலையே நம்புங்கள்.

கேள்வி: டிஜிட்டல் டிலே வாங்கி மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் இணைத்தேன். 'கீ...' என்று மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பதில்: இந்தச் சத்தத்தோடு நான் மேடையிலேயே மாட்டியிருக்கிறேன். பாடகர் மூச்செடுக்கும் அமைதியில் ஆம்பிலிருந்து கொசு ரீங்காரம். அன்று டிலேயின் ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டு மீதிப் பாட்டை வாசித்து முடித்தேன். டிஜிட்டல் பெடலின் கிளாக் (உள்ளே சீராகத் துடிக்கும் சுற்று) எழுப்பும் இரைச்சல் பொதுவான மின்சார ஒயர் வழியாக மற்ற பெடல்களுக்குள் கசிகிறது. ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்துத் தரும் ஐசொலேட்டட் பவர் சப்ளைதான் நிரந்தரத் தீர்வு. இப்போதைக்கு டிலேக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுத்துப் பாருங்கள்.

வோல்ட் பெடலில் போட்டிருப்பதற்குச் சமமாக இருக்க வேண்டும், மில்லி ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம். ஸ்ட்ரைமன் டைம்லைன் போன்ற பெரிய பெடல்கள் 300 மில்லி ஆம்பியர் கேட்கும்.

கேள்வி: பெடலை அணைத்ததும் எதிரொலி சட்டென்று வெட்டுப்படுகிறது. இது எல்லாப் பெடலிலும் அப்படித்தானா?

பதில்: இல்லை. ட்ரெயில்ஸ் வசதி உள்ள பெடல்களில் எதிரொலி மெல்லத் தேய்ந்து அடங்கும். அணைத்ததும் கிட்டார் ஒலியை உள்சுற்றைத் தொடாமல் நேரே அனுப்பும் ட்ரூ பைபாஸ் பெடல்கள் பொதுவாக வெட்டிவிடும். இரண்டு மோடும் உள்ள பெடல்களில் இதற்கென ஒரு ஸ்விட்ச் இருக்கும், முதலில் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: பழைய எண்பதுகளின் பாஸ் டிலே ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: கையில் வாங்கி வாசித்துப் பார்க்க முடிந்தால் வாங்கலாம். எல்லா நாபையும் முழுதாகத் திருப்பிக் கரகரப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஜாக்கில் கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள். டைமை உச்சத்தில் வைத்து, வாசிக்காமல் காத்திருந்து இரைச்சலைக் கேளுங்கள். பெடலின் மேல் 'ஏசிஏ' அடாப்டர் என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்துப் பெடல்கள் 12 வோல்ட் அடாப்டருக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய 9 வோல்ட் அடாப்டரைத் தனியாகக் கொடுத்தால் விளக்கு மங்கலாக எரியும். அதைப் பழுது என்று நினைத்து நல்ல பெடலை விட்டுவிடாதீர்கள். 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள், விளக்கு பளிச்சென்று எரியும்.