கேள்வி–பதில்: கல்லுக்குள் ஸ்போர்

கேள்வி: மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகையில், பெர்மியன் காலக் (25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய) களிப்பாறையிலிருந்து ஸ்போர்களை, அதாவது பழங்காலத் தாவரங்களின் நுண்ணிய வித்துகளை, பிரித்தேன். ஒளி நுண்ணோக்கியில் சுத்தமாகத் தெரிந்தவை, ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படிகங்கள் ஒட்டி, வெள்ளைக் கீற்றுகளோடு வருகின்றன. ஏன்?

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். படிகங்கள் பெரும்பாலும் கால்சியம் ஃபுளோரைடு. பாறையில் சுண்ணாம்பு மிச்சமிருக்கும்போதே, களிமண்ணையும் மணலையும் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை ஊற்றினால் இது படிந்துவிடும்; தண்ணீரில் கரையாது. அதனால் முதலில் 10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரை அடங்கும்வரை வைத்து, பலமுறை நீரில் கழுவி, பிறகே ஹைட்ரோஃபுளோரிக்குக்குப் போங்கள். அதன் பின்னும் ஒருமுறை சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக்கில் கழுவுங்கள். துத்தநாகக் குளோரைடின் கனமான கரைசலில் ஸ்போர்களை மிதக்கவிட்டுப் பிரித்திருந்தால், முதல் கழுவலுக்கு நேராகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். துத்தநாகம் வெள்ளைப் படிவாக இறங்கிவிடும். சில துளி அமிலம் கலந்த நீரே சரி.

ஹைட்ரோஃபுளோரிக் கண்ணாடியையே அரிக்கும். பிளாஸ்டிக் பாத்திரம், புகை உறிஞ்சும் அறை, தடித்த கையுறை, கைக்கெட்டும் தூரத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்: இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேலையைத் தொடங்கவே வேண்டாம். தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் போகலாம். ஆனால் உள்ளே இறங்கி எலும்புவரை போகும். உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, ஜெல் தடவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வெள்ளைக் கீற்றுகள் மின்னூட்டம் தேங்குவதால் வருபவை. உருண்டை ஸ்போர் ஒரு புள்ளியில்தான் ஸ்டப்பை (மாதிரியை ஒட்டிவைக்கும் உலோகக் குமிழை) தொடும். மின்சாரம் கடத்தப் பூசும் தங்கம் அடிப்பக்கத்தில் படியாது. கார்பன் டேப்பில் ஒட்டி, ஸ்டப்பைச் சாய்த்துச் சுழற்றியபடி 10 முதல் 20 நானோமீட்டர் தங்க–பல்லேடியம் பூசுங்கள். அதற்கு மேல் போனால் ஸ்போரின் மேற்பரப்பிலுள்ள நுண்முட்கள் மழுங்கும். மின்னழுத்தத்தை 5 கிலோவோல்ட்டுக்கு இறக்கியும் பாருங்கள்.

கேள்வி: நிலக்கரியிலிருந்து ஸ்போர்களை விடுவிக்க, அதை ஷுல்ட்சே கரைசலில் (நைட்ரிக் அமிலமும் பொட்டாசியம் குளோரேட்டும்) எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்?

பதில்: கடிகாரத்தை நம்பாதீர்கள். நைட்ரிக் அமிலத்தில் பொட்டாசியம் குளோரேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து, தினமும் ஒரு துணுக்கை எடுத்துக் கழுவி, 5% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போடுங்கள். பழுப்புச் சாறு இறங்கினால் அமிலத்தில் ஊறவைப்பதை நிறுத்துங்கள். காரத்தில் சில நிமிடங்களே போதும். கூடினால் ஸ்போர் உப்பும், நீங்கள் அளக்கும் விட்டமே பொய்யாகிவிடும். அமிலம் முழுக்கக் கழுவப்படும் முன் காரம் சேர்த்தால் கொதித்துத் தெறிக்கும்.