தலை ஏன் பெரிது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பண்டைய எகிப்திய ஓவியங்களில் முகம் பக்கவாட்டில் இருக்கிறது, கண்ணும் தோள்களும் நேராக நம்மைப் பார்க்கின்றன, கால்கள் மீண்டும் பக்கவாட்டில் திரும்பிவிடுகின்றன. அத்தனை நூற்றாண்டுகள் வரைந்தவர்களுக்கு மனித உடலைச் சரியாக வரையத் தெரியாமல் போனது எப்படி?

பதில்: அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று உண்டு. கி.மு. 1350-ஐ ஒட்டி வாழ்ந்த நெபமுன் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரோவியங்கள் இப்போது இலண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் ஒரு விருந்துக் காட்சியில், தரையில் அமர்ந்திருக்கும் இசைக்குழுப் பெண்களில் இருவர் முழுமுகத்தையும் நம் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். அதே சுவரில் அமர்ந்திருக்கும் விருந்தினர்களோ பழைய விதிப்படியே பக்கவாட்டு முகத்துடன் இருக்கிறார்கள். ஆகவே ஓவியரின் கை இரண்டையும் அறிந்திருந்தது. உயர்ந்தோருக்கு விதி, ஆடுபவருக்கும் பாடுபவருக்கும் சற்றுத் தளர்வு என்பதே அங்கு நிலவிய முறை. கல்லறை ஓவியம் பார்வையாளரை மகிழ்விக்க வரையப்பட்டதன்று. இறந்தவர் மறுமையிலும் குறைவின்றி இருப்பதற்கான ஏற்பாடு அது. எனவே ஒவ்வோர் உறுப்பும் எந்தக் கோணத்தில் ஐயமின்றி அடையாளம் தெரியுமோ அந்தக் கோணத்தில் அதை வரைந்து, எல்லாவற்றையும் ஒரே உடலாகச் சேர்த்தார்கள். நிற்கும் உருவத்தை உள்ளங்காலிலிருந்து நெற்றி மயிர் தொடங்கும் இடம் வரை 18 கட்டங்களுக்குள் அடக்கும் முறையும் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. பணி பாதியில் நின்ற சில சுவர்களில் அந்தச் சிவப்புக் கோடுகளை இன்றும் காணலாம்.

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்கச் சிற்பங்கள் பலவற்றில் தலை மட்டும் மிகப் பெரிதாக இருக்கிறது. கிரேக்கச் சிற்பிகளைப்போல அங்கிருந்தவர்கள் உடலை அளந்து பார்க்கவில்லையா?

பதில்: இக்கேள்விக்கு நைஜீரியாவின் இஃபே நகரத்து உலோகச் சிற்பங்களைவிட நல்ல விடை இல்லை. 1938-ல் அங்கு வீடு கட்ட நிலம் தோண்டியபோது, சில நூற்றாண்டுகளுக்கு முன் வார்க்கப்பட்ட தலைகள் கிடைத்தன. உதட்டின் விளிம்பும் கன்னத்தின் தசையும் உயிருள்ள முகத்தில் காண்பதுபோலவே அவற்றில் அமைந்திருக்கின்றன. அதற்கு முன்னரே, 1910-ல், இஃபேக்கு வந்த ஜெர்மானிய ஆய்வாளர் லியோ ஃப்ரோபீனியஸ் இத்தகைய கலையை ஆப்பிரிக்கர்கள் படைத்திருக்க முடியாது என்று எண்ணி, அட்லாண்டிஸ் என்ற கற்பனை நாட்டோடு அதை முடிச்சுப் போட்டார். கண்முன் இருந்த கலைஞரை விட்டுவிட்டுக் கடலுக்குள் மூழ்கிய நாட்டைத் தேடிய அவரது பிழையைப் பெரிய தலை பற்றிய நம் கேள்வியும் கொஞ்சம் பகிர்ந்துகொள்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில், முகத்தை இவ்வளவு நுட்பமாக வார்த்த அதே இஃபே மரபில், முழு உருவமாகச் செய்யப்பட்டவற்றின் தலை மொத்த உயரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இருக்கிறது. அளக்கத் தெரியாதவர் செய்யும் வேலை அன்று அது. இஃபே நகரத்தவரான யொரூபா மக்களின் நம்பிக்கையில் ‘ஓரி’ என்னும் தலை ஒருவருடைய விதியும் ஆளுமையும் குடியிருக்கும் இடம். அதற்குரிய மதிப்பைச் சிற்பி அளவில் காட்டினார்.

கிரேக்கர்கள் அளந்ததை அப்படியே செதுக்கினார்கள் என்பதும் முழு உண்மையன்று. வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் பாலிக்ளீட்டஸ் வகுத்த அளவுமுறையை அடுத்த நூற்றாண்டில் வந்த லிசிப்பஸ் மாற்றி, தலையைச் சிறிதாக்கி உடலை மெலிதாக்கினார். உருவம் உயரமாகத் தெரிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். தலையைப் பெருக்கியவரைப் பற்றி மட்டும் கேள்வி எழுப்பும் நாம், குறைத்தவரைப் பற்றி ஏன் கேட்பதில்லை? இந்தியச் சிற்ப நூல்கள் இதை ஒளிவுமறைவின்றியே சொல்கின்றன: முகத்தின் நீளம் ஒரு தாலம், அதாவது 12 அங்குலம். (இந்த அங்குலம் உருவத்துக்குள்ளேயே எடுக்கப்படும் பகுப்பளவு, இன்றைய அளவுகோலின் அங்குலத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.) நவதால உருவம் 108 அங்குலம், பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலம் 124, பூதகணங்களின் தால எண்ணிக்கையோ மிகக் குறைவு. தாலம் குறையும்போது உடலுக்கு முகம் பெரிதாகும். எந்த உருவத்துக்கு எந்த அளவு என்பதை அந்த உருவத்தின் இயல்பே முடிவு செய்கிறது.

கேள்வி: இஸ்லாமியக் கலையில் மனித உருவமே கிடையாது என்பது சரியா?

பதில்: பள்ளிவாசலுக்கும் திருக்குர்ஆன் பிரதிக்கும் பெரும்பாலும் சரி, மற்றவற்றுக்குப் பொருந்தாது. ஜோர்தான் பாலைவனத்தில் எட்டாம் நூற்றாண்டில் உமையா என்னும் இஸ்லாமிய அரச மரபினர் கட்டிய குசைர் அம்ரா மாளிகையின் சுவர்களில் வேட்டையாடுவோரும் அரசர்களும் நீராடுவோரும் தீட்டப்பட்டிருக்கிறார்கள். பாரசீகக் கையெழுத்துப் பிரதிகளின் சிற்றோவியங்களிலோ மனிதர்களுக்குப் பஞ்சமே இல்லை.

கேள்வி: பன்னிரண்டாம் நூற்றாண்டு ஜப்பானியச் சுருளோவியமான ‘கெஞ்சி கதை’யில் எல்லோருக்கும் ஒரே முகம். கண்ணுக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கொக்கி. இதில் துயரத்தையோ காதலையோ எப்படி அறிவது?

பதில்: முகத்தை விட்டுவிட்டு அறையைப் பாருங்கள். கூரையை நீக்கி, மேலிருந்து அறைக்குள் எட்டிப் பார்ப்பதுபோலக் காட்சியை அமைத்த இவ்வோவியர்கள், உணர்ச்சியைத் தூண்களின் சாய்விலும் திரைகளின் வளைவிலும் வைத்தார்கள். நாயகனின் அன்புக்குரிய முரசாகி சாகும் தறுவாயில் இருக்கும் காட்சியில், தரையின் கோடுகள் செங்குத்தாகச் சரிந்து இறங்குகின்றன; அறையில் இருப்பவர்கள் அந்தச் சரிவில் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டதுபோல் அமர்ந்திருக்கிறார்கள். வெளியே தோட்டத்தில் இலையுதிர்காலப் புற்கள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன. முகங்கள் மட்டும் அசையவில்லை.