74 வயது அம்மா இட்லி, ரசம் சாதம், கஞ்சி, காபி தவிர எதையும் தொடுவதில்லை. ஆறு மாதத்தில் 50 கிலோவிலிருந்து 46 கிலோவாகிவிட்டார். கடலூரில் கிடைப்பதை வைத்து எப்படித் தேற்றுவது?

ஆறு மாதத்தில் 4 கிலோ என்றால் 8 சதவீதம். 5 சதவீதத்தைத் தாண்டினாலே ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று விடக்கூடாது. முதலில் கடலூர் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அழைத்துப் போய் சர்க்கரை, தைராய்டு, காசநோய், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) எல்லாம் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் கீழே உள்ள கணக்கு பொருந்தாது. மருத்துவர் சொல்லும் அளவுதான். அஞ்சாறு நாளாகவே சாப்பாடு இறங்கவில்லை என்றால் வீட்டில் திடீரென்று ஊட்டி நிரப்பாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சட்டென்று இறங்கி ஆபத்தாகிவிடும்.

முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். இளைத்துப் போனவர்களுக்கு 1.5 கிராம் வரை. அம்மாவுக்குக் குறைந்தது 55 கிராம். இப்போது கிடைக்கும் புரதத்தைக் கிராமில் கூட்டிப் பாருங்கள்: இரண்டு இட்லி 4, ஒரு கிண்ணம் ரசம் சாதம் 4, இரண்டு வேளை காபியில் பால் 6, இரவுக் கஞ்சி 3. மொத்தம் 17. ‘லேசான சாப்பாடு’தான் அவரை உருக்குகிறது. தண்ணீராக வயிறு நிரம்பிவிடுகிறது, தசைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

அளவைக் கூட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அதே அளவில் சத்தை ஏற்றுங்கள். காலையில் இட்லியோடு ஒரு வேகவைத்த முட்டை (6), 200 மில்லி பால் (6). மதியம் 75 கிராம் மீன் (14), கொஞ்சம் தயிர் (3). சாயங்காலம் பால் கஞ்சியில் இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு. இதில் 7 வரும். இரவு பருப்பு தூக்கலாக அரைத்த சின்ன அடை இரண்டு (10). சாதம், இட்லியில் உள்ளதையும் சேர்த்தால் 54, கிட்டத்தட்ட தேவையான அளவு. ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துக் கொடுப்பது முக்கியம். வயதான தசைக்குப் புரதத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் திறன் குறைவு. காலையில் வெறும் இட்லி கொடுத்துவிட்டு மதியம் ஈடுகட்டலாம் என்று விடாதீர்கள்.

மீன் என்றால் முள்தான் பயம். பால்சுறாவை அவித்து உதிர்த்துப் புட்டாகச் செய்தால் பல் இல்லாதவர்களும் சாப்பிடலாம். முதுநகர் துறைமுகத்தில் வாங்கும்போது சதை அமுக்கினால் திரும்ப எழும்ப வேண்டும். கருவாட்டில் புரதம் உண்டு, ஆனால் உப்பு அதிகம். ரத்த அழுத்தம் இருந்தால் வேண்டாம். சைவம் என்றால் 30 கிராம் துவரம்பருப்பைக் கெட்டியாகக் கடைந்தும், 15 கிராம் மீல்மேக்கரை ஊறவைத்து அரைத்தும் சேர்த்தால் மீனுக்கு ஈடாகும். பருப்புத் தண்ணீரை மட்டும் வடித்துக் கொடுத்தால் சத்து அடியிலேயே தங்கிவிடும்.

எண்ணெய், நெய்யை அறவே குறைத்துவிடுவது பலர் செய்யும் பிழை. கலோரி போதாவிட்டால் உடம்பு புரதத்தையே எரித்துவிடும். கஞ்சியில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டாலே 45 கலோரி கூடும். கடைப் புரதப் பவுடர் வாங்குவதானால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சிலவற்றில் புரதத்தைவிடச் சர்க்கரைதான் அதிகம்.

சாப்பிட்டாலும் அசையாமல் இருந்தால் தசை ஏறாது. கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள், நாளுக்கு இரண்டு முறை, முடிந்த அளவு.

வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். கெண்டைக்காலின் சுற்றளவு 31 செ.மீ.க்குக் கீழே இருந்தாலும், ஒரு மாதம் கழித்தும் எடை இறங்கினாலும், விழுங்கும்போது இருமினாலும் மறுபடி மருத்துவரிடம் போங்கள். மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். மெட்ஃபார்மின் போன்றவை பசியைக் குறைக்கலாம்.