தாத்தாவின் வின்செஸ்டருக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்பலாமா?

கேள்வி: தாத்தாவின் .44-40 வின்செஸ்டர் லீவர் ரைஃபிள் இப்போது என் பெயரில், புதுச்சேரி லைசென்ஸில் இருக்கிறது. கடைகளில் இதற்குத் தோட்டா கிடைக்கவில்லை. வீட்டில் முப்பது காலி உறைகள் கிடக்கின்றன. பிரான்சில் இருக்கும் மாமா வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறார், அதற்கான பிரஸ் இயந்திரம் ஒன்று அனுப்புகிறேன் என்கிறார். கடலூரில் ஒருவர், உறையைக் கொடுத்தால் தானே நிரப்பித் தருவதாகச் சொல்கிறார். எது சரி?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: இரண்டும் வேண்டாம்.

மாமா செய்வது அங்கே சட்டப்படி சரி. இங்கே உங்கள் லைசென்ஸ் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கத்தான், தோட்டா தயாரிக்க அல்ல. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி தயாரிப்புக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். அந்த பிரஸ்ஸையும் சாதாரண இரும்புச் சாமான் என்று நினைக்காதீர்கள். தோட்டா தயாரிக்கும் இயந்திரத்தையும் தோட்டாவின் பாகங்களையும் சட்டம் ‘அம்யூனிஷன்’, அதாவது தோட்டா, என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

அடுத்து அந்தக் கடலூர்க்காரர். இவர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம். ‘ரிவால்வர் தோட்டாதானே சார், சின்னது, ஈஸி’ என்பார்கள். 1878-லிருந்து கோல்ட் ரிவால்வரிலும் இதே தோட்டா போட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் .44-40 என்ற பெயரில் உள்ள 40, நாற்பது கிரெய்ன் கருமருந்து, ஏறக்குறைய 2.6 கிராம். பழைய கருமருந்து உறையை நிறைத்துவிடும். அதைவிட வீரியமான இன்றைய புகையில்லா மருந்தை அதே அளவுக்குக் கரண்டியால் அள்ளிப் போட்டால் அழுத்தம் பல மடங்கு ஏறும். பட்டாசு மருந்தைப் போடுபவர்களும் உண்டு, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். உங்களுடையது 1873 மாடலா, 1892 மாடலா என்று எழுதவில்லை. சுடும்போது குழலின் பின்பக்கத்தை அடைத்துப் பிடிக்கும் பூட்டு, 1873-ல் பின்னதைவிட ரொம்பப் பலவீனம். என் மேசைக்கு ஒருமுறை இப்படி ஒரு ரைஃபிள் வந்தது. குழலின் பின்பகுதி வாழைப்பூ மடல் மாதிரி விரிந்திருந்தது. கொண்டு வந்தவருக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை.

இன்னொன்று. லீவர் ரைஃபிளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள நீளக் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்னால் இருப்பதன் பிரைமரில் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பக்கச் சிறு மூடியில்) பின்னால் இருப்பதன் மூக்கு முட்டும். மூக்கு கூராக இருந்தால், சுடும்போது வரும் உதைப்பில் உள்ளேயே வெடிக்கலாம். உறையின் வாயை இறுக்கி மடிக்காவிட்டால் குண்டு உள்ளே அமுங்கி அழுத்தம் ஏறும். ரிவால்வரில் ஒவ்வொன்றுக்கும் தனி அறை இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. அவருக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். ரசீதும் கேளுங்கள், தரமாட்டார். மாட்டினால் முதலில் சொல்லப்போவது உங்கள் பெயரைத்தான். அவரிடம் போக முள்ளோடை தாண்டினால் நீங்கள் தமிழ்நாட்டில் நிற்கிறீர்கள். உங்கள் லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதை அதிலேயே எழுதியிருப்பார்கள், படித்திருக்கிறீர்களா?

‘பக்கத்து ஊர் விவசாயி தானே மருந்து போட்டுச் சுடுகிறாரே’ என்று கேட்பீர்கள். அவரிடம் இருப்பது குழலின் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கி. பயிர்க் காவலுக்கு என்று சட்டமே அதைத் தனியாகச் சொல்கிறது. அந்தத் துப்பாக்கி வேலை செய்யும் விதமே அப்படி: ஒவ்வொரு முறையும் மருந்து, அடைப்பு, ஈயம் என்று கெட்டித்தாக வேண்டும். மருந்து எவ்வளவு என்பதும் அவர் லைசென்ஸில் இருக்கும். அதில் உறையும் கிடையாது, பிரைமர் பொருத்துவதும் கிடையாது. அதைக் காட்டி உங்கள் உறையை நிரப்ப முடியாது. பலர் வந்து இதைத்தான் வாதாடுகிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? லைசென்ஸ் உள்ள டீலர்களிடம் பழைய ஸ்டாக் விசாரியுங்கள். கிடைத்தால் லைசென்ஸில் பதிந்து, பில் போட்டு வாங்குங்கள். கிடைக்காமல் போகலாம். தோட்டாவே விற்காத துப்பாக்கிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டணம் வாங்க மட்டும் நம் ஆட்களுக்கு மறப்பதில்லை. கேட்டால் ‘மேலே எழுதியிருக்கிறோம்’ என்பார்கள்.

ஒருவர் இரண்டு துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். சுடத்தான் வேண்டும் என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் 12 போர் ஷாட்கன் அல்லது .315 ரைஃபிளுக்கு விண்ணப்பியுங்கள். இரண்டுக்கும் அரசு ஆலைகளே தோட்டா செய்கின்றன. தாத்தாவின் ரைஃபிள் எண்ணெய் பூசி அலமாரியில் இருக்கட்டும். பழைய முழுத் தோட்டா ஏதாவது இருந்து, லைசென்ஸ் கணக்கில் அது வராவிட்டால், ஆற்றில் வீசாமல் காவல் நிலையத்திலோ டீலரிடமோ எழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். காலி உறைகளை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மாமாவுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். அந்தப் பார்சல் பிரான்சிலிருந்து கிளம்பக் கூடாது.