ஹாக்ஸன்: உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு?

மௌனப் படம் என்று நம்பி, சூனியக்காரிகளைப் பற்றிய 'ஹாக்ஸன்' படத்தைப் போட்டால் ஒருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே இருக்கிறார், ஜாஸ் இசை வேறு ஓடுகிறது என்கிறீர்கள். அது 1968இல் வெட்டிச் சுருக்கிய பதிப்பு. குரல் எழுத்தாளர் வில்லியம் பரோஸுடையது. பெஞ்சமின் கிறிஸ்டென்சன் இயக்கி 1922இல் வெளிவந்த மூலம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும், சாயமேற்றிய காட்சிகளோடு. மீட்டெடுத்த பதிப்பாகத் தேடுங்கள்.

முதல் அத்தியாயத்தில் பழைய ஓவியங்களைக் குச்சியால் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்துவார்கள். கொட்டாவி வந்தால் தள்ளிவிடுங்கள், தப்பில்லை. அப்புறம் வரும், சூனியக்காரி என்று பிடிபட்ட கிழவி மரியாவின் விசாரணையை மட்டும் விட்டுவிடாதீர்கள். சித்திரவதை தாங்காமல், தன்மேல் புகார் சொன்ன வீட்டுப் பெண்களையே மாட்டிவிடுவாள். எனக்கு அங்கே சாத்தானைவிட விசாரிக்கும் அந்தத் துறவிகள்தான் பயங்கரம். நாக்கை நீட்டி ஆட்டும் அந்தச் சாத்தான் வேறு யாருமில்லை, இயக்குநரேதான்!